வீட்டுக் கைத்தொழிலுக்கு இரண்டு பத்திரங்கள்

(தோட்டத் தொழிலாளர் குடும்பங்களிடையே ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



வீட்டில் இருந்தபடியே கைத்தொழில் செய்வோர் எந்தப் பதிவைப் பெற வேண்டும், எந்த உரிமத்தைப் பெற வேண்டும் என்பதே இன்று நாம் பேச எடுத்துக்கொண்ட பொருள்.

விடியற்காலையில் பால் வெட்டச் சென்று, நண்பகலில் பாலை நிறுத்துக் கொடுத்துவிட்டு வீடு திரும்பிய பின்னர், தையல் இயந்திரத்தின் முன் அமரும் தாய்மார்கள் உங்களிடையே பலர் இருக்கின்றனர். பூத் தொடுப்போர் உள்ளனர். திருமண வீடுகளுக்குத் தென்னங்குருத்தில் தோரணம் பின்னுவோர் உள்ளனர். தைப்பூசம் நெருங்கும் வேளையில் பத்துமலைக்குச் செல்லும் அன்பர்களுக்காகக் காவடி கட்டித் தருவோரும் உள்ளனர். இவர்களுள் பலரிடம், "உங்கள் தொழிலுக்குப் பதிவு உண்டா?" என்று நாம் கேட்டபோது, "இது என்ன பெரிய வியாபாரம்? வீட்டில் உட்கார்ந்து செய்வதுதானே!" என்ற மறுமொழியே கிடைத்தது. இம்மறுமொழியில் அடக்கம் இருக்கின்றது. ஆனால் அதில் ஆபத்தும் இருக்கின்றது.

முதற்கண், இத்தொழில் ஏன் முக்கியம் என்பதைச் சற்றுச் சிந்திப்போம். கிள்ளான் பள்ளத்தாக்கின் பெருநகரங்கள் பல, ஒரு காலத்தில் ரப்பர்த் தோட்டங்களாக இருந்தவையே. பெட்டாலிங் ஜெயா 1950களில் எஃபிங்ஹாம் தோட்டத்தின் மீது எழுந்தது. சுபாங் ஜெயா 1970களில் சீபீல்டு தோட்டத்தின் நிலத்தில் உருவாகத் தொடங்கியது. நாட்டின் நிர்வாகத் தலைநகராகிய புத்ராஜெயா, 1990களில் பிராங் புசார் தோட்டம் இருந்த இடத்தில் அமைக்கப்பட்டது. அங்கெல்லாம் பால் வெட்டியவர்கள் அடுக்குமாடி வீடுகளுக்குக் குடிபெயர்ந்தனர். பால்மரம் நிர்வாகத்தினுடையது, லயத்து வீடும் நிர்வாகத்தினுடையது. மரம் போனபோது வேலை போயிற்று. வேலையோடு வீடும் போயிற்று. கைப்பழக்கமாகக் கற்ற தொழில் ஒன்றே அவர்களுடன் நகரத்திற்கு வந்தது. அத்தொழிலை முறையாகத் தம் பெயரில் நிலைநிறுத்திக் கொண்டவர் பிழைத்துக்கொண்டார். அவ்வாறு செய்யாதவர் பட்ட பாட்டினை ஓர் உதாரணத்தால் விளக்குவோம்.

நமக்கு அறிமுகமான ஓர் அம்மையார், தோட்டம் மூடப்பட்ட பின்னர் அடுக்குமாடி வீடொன்றில் குடியேறி, ரவிக்கை தைத்து மூன்று பிள்ளைகளை வளர்த்தவர். அவருக்கு எழுத்து வேலைகளில் பழக்கம் இல்லாமையால், உறவினர் ஒருவர் தம் பெயரிலேயே தொழிலைப் பதிவு செய்து, அப்பத்திரத்தை அவரிடம் கொடுத்திருந்தார். அம்மையாரும் அதனைக் கண்ணாடிச் சட்டமிட்டுச் சுவரில் மாட்டி வைத்திருந்தார். பல ஆண்டுகள் கழித்து, அண்டை வீட்டாரின் முறையீட்டின் பேரில் அதிகாரிகள் வந்தனர். அம்மையார் சுவரில் இருந்த பத்திரத்தைக் காட்டினார். "அம்மா, இது பதிவுப் பத்திரம். உரிமம் எங்கே?" என்று அவர்கள் கேட்டனர். அதன் பின்னர் புதிய இயந்திரம் வாங்கச் சிறுகடன் கேட்கச் சென்ற இடத்தில், "பத்திரத்தில் உங்கள் பெயரே இல்லையே!" என்றனர். பதினோர் ஆண்டுகள் அவர் செய்த உழைப்பு, தாளில் வேறொருவருடைய உழைப்பாக நின்றது. அவர் எவரையும் ஏமாற்றவில்லை; இரண்டு உண்மைகளை அவருக்கு எவரும் எடுத்துரைக்கவில்லை. அவ்விரண்டையும் உங்களுக்கு எடுத்துரைப்பதே நமது இன்றைய நோக்கம்.

முதலாவது உண்மை: பதிவு வேறு, உரிமம் வேறு.

பதிவு என்பது, "இன்னார் இன்ன தொழிலைச் செய்கின்றார்" என்று அரசாங்கத்தின் ஏட்டில் பெயர் எழுதப்படுவது. தீபகற்ப மலேசியாவில் இதற்கு ஆதாரமாக விளங்குவது 1956 ஆம் ஆண்டின் வணிகப் பதிவுச் சட்டம். தொழில் என்பதற்கு அச்சட்டம் தரும் விளக்கத்தில், வாணிகத்தோடு கைவினைத் தொழிலும் தனியே குறிப்பிடப்பட்டிருக்கின்றது. ஆதாயம் கருதிச் செய்யப்படுவது எதுவாயினும், அது கடையில் நடந்தாலும் வீட்டுத் திண்ணையில் நடந்தாலும், அச்சட்டத்தின் பார்வையில் தொழிலே. எனவே, "வீட்டில் உட்கார்ந்து செய்வதுதானே" என்று சொல்லித் தப்பிக்க வழியில்லை. தொழிலைத் தொடங்கிய 30 நாட்களுக்குள் பதிவு செய்தல் வேண்டும். தவறுவோருக்கு 50,000 வெள்ளி வரையிலான அபராதமோ, இரண்டாண்டு வரையிலான சிறைத் தண்டனையோ, இரண்டுமோ விதிக்கச் சட்டம் இடம் அளிக்கின்றது. உங்களை அச்சுறுத்துவதற்காக நாம் இதனைக் கூறவில்லை. பதிவுக்கு ஆகும் செலவு எவ்வளவு சிறியது என்பதை ஒப்பிட்டுக் காட்டவே கூறுகின்றோம்.

இப்பதிவைச் செய்வது எஸ்.எஸ்.எம். எனப்படும் மலேசிய நிறுவனங்கள் ஆணையம். நிறுவனப் பதிவகமும் வணிகப் பதிவகமும் ஒன்றிணைக்கப்பட்டு, 2002 ஆம் ஆண்டு ஏப்ரல் 16 ஆம் நாள் இவ்வாணையம் தோன்றியது. அடையாள அட்டையில் உள்ள உங்கள் சொந்தப் பெயரிலேயே தொழில் நடத்தினால், ஓராண்டுக்கு 30 வெள்ளி கட்டணம். தொழிலுக்கு வேறொரு பெயர் சூட்டினால் ஓராண்டுக்கு 60 வெள்ளி; அப்பெயரை ஆணையம் முன்கூட்டியே ஏற்றுக்கொள்ளவும் வேண்டும். ஓராண்டு முதல் ஐந்தாண்டு வரை ஒரே தடவையில் பதிவு செய்துகொள்ளலாம். பதிவு செய்பவர் 18 வயது நிரம்பியவராக இருத்தல் வேண்டும்.

இங்கே நம் மூத்த தலைமுறையினர் ஒன்றைக் கவனித்தல் நலம். சிவப்பு அடையாள அட்டை வைத்திருப்போர், "நமக்கு இதெல்லாம் கிடைக்காது" என்று ஒதுங்கிவிடுகின்றனர். அது தவறு. இப்பதிவு குடிமக்களுக்கு உரியது போலவே நிரந்தர வசிப்பிடத் தகுதி உடையோருக்கும் உரியது.

இனி, உரிமம் என்பது யாது? நாம் பேச்சு வழக்கில் லைசென்ஸ் என்று கூறுவது இதுவே. "இன்ன தொழிலை இன்ன இடத்தில் செய்யலாம்" என்று அவ்விடத்தின் ஊராட்சி மன்றம் அளிக்கும் அனுமதி இது. பதிவு ஆளைப் பற்றியது. உரிமம் இடத்தைப் பற்றியது. முன்னதைப் பெற்றதனால் பின்னது தானாக வந்துவிடாது.

இதனைத் தெளிவாக்க, ஒரே விதமாக ரவிக்கை தைக்கும் இரு சகோதரிகளை எடுத்துக்கொள்வோம். மூத்தவர் பிரிக்பீல்ட்ஸில் இருக்கின்றார். இளையவர் கிள்ளானில் இருக்கின்றார். இருவருக்கும் பதிவு ஒரே ஆணையத்தில், ஒரே கட்டணத்தில். ஆனால் உரிமத்திற்கு இருவரும் இரு வேறு வாசல்களுக்குச் செல்ல வேண்டும். கோலாலம்பூர் 1974 ஆம் ஆண்டு பிப்ரவரி 1 ஆம் நாள் சிலாங்கூரிலிருந்து பிரிந்து கூட்டரசுப் பிரதேசம் ஆயிற்று. எனவே, பிரிக்பீல்ட்ஸில் வாழும் மூத்தவர் டி.பி.கே.எல். எனப்படும் கோலாலம்பூர் மாநகர் மன்றத்தை அணுகுதல் வேண்டும். கிள்ளானில் வாழும் இளையவர், 2024 ஆம் ஆண்டு பிப்ரவரி 5 ஆம் நாள் முதல் அரச மாநகர் மன்றமாக உயர்ந்துள்ள கிள்ளான் மன்றத்தை நாட வேண்டும். அவர்களுடைய சிற்றன்னை பத்துமலை வட்டாரத்தில் காவடி கட்டுபவராயின், அவருக்குரிய வாசல் செலாயாங் நகராண்மைக் கழகம். ஒவ்வொரு மன்றத்திற்கும் தனித்தனி விதிகள், தனித்தனிக் கட்டணங்கள் உண்டு. ஆகையால், "என் அக்காளுக்கு இப்படித்தான் கொடுத்தார்கள்" என்று வேறோர் ஊரின் வழக்கத்தை நம்பிச் செயற்படலாகாது.

பிரிக்பீல்ட்ஸ் என்னும் பெயரே கைத்தொழிலால் வந்த பெயர் என்பதை இவ்விடத்தில் நினைவுகூர்தல் பொருந்தும். 1881 ஆம் ஆண்டில் கோலாலம்பூர் பெருந்தீக்கும் பெருவெள்ளத்திற்கும் இரையாயிற்று. அதன் பின்னர் பலகையும் அத்தாப்பும் கொண்டு கட்டிய வீடுகளுக்குப் பதிலாகச் செங்கல்லும் ஓடும் கொண்டு நகரத்தை எழுப்ப முற்பட்டபோது, செங்கல் சூளைகள் பெருகிய இடம் அது. பின்னர் இரயில்வே தொழிலாளர்களான தமிழர்கள் அங்கே குடியேறினர். 2010 ஆம் ஆண்டு அக்டோபர் 27 ஆம் நாள், மலேசியப் பிரதமரும் இந்தியப் பிரதமரும் கலந்துகொண்ட விழாவில் அவ்வட்டாரம் லிட்டில் இந்தியாவாகத் திறந்து வைக்கப்பட்டது. நம்மவர் உழைத்த பழைய இரயில் நிலத்தில் எழுந்துள்ள கே.எல். சென்ட்ரல் வட்டாரத்தில்தான், இன்று எஸ்.எஸ்.எம். ஆணையத்தின் தலைமைக் கட்டடமும் நிற்கின்றது. பூக்கடைத் தெருவிலிருந்து நடந்து செல்லும் தொலைவில் அலுவலகம் இருந்தும், அதன் படியேறாமல் நாம் இருப்பது முறையாகுமா?

வீட்டில் தொழில் செய்ய உரிமம் கேட்போர், வீடு யாருடையது என்பதை முதலில் எண்ணிப் பார்த்தல் வேண்டும். தோட்ட லயத்தில் இருப்போர் நிர்வாகத்தின் எழுத்து வழிச் சம்மதத்தைப் பெறுதல் வேண்டும். வாடகை வீட்டில் இருப்போர் வீட்டுக்காரரின் சம்மதத்தைப் பெறுதல் வேண்டும். அடுக்குமாடியில் இருப்போர், வீடு சொந்தமானதாயினும், கட்டடத்தின் நிர்வாகக் குழுவைக் கேட்க வேண்டும். அரசாங்க மக்கள் வீடமைப்பில் வாடகைக்கு இருப்போர், தங்கள் குடியிருப்பு ஒப்பந்தம் என்ன கூறுகின்றது என்பதைப் படித்தல் வேண்டும். அதைப் பாராமல் தொழில் தொடங்கினால், தொழிலோடு வீட்டையும் இழக்க நேரலாம்.

செய்யும் தொழிலின் தன்மையும் கவனிக்கப்படும். ஊசியும் நூலும் அண்டை வீட்டாருக்கு இடையூறு செய்வதில்லை. ஆனால், காவடிக்கு இரும்பு ஒட்டுவதும், சாயம் தெளிப்பதும், மரம் அறுப்பதும் ஓசை, புகை, தீ ஆகியவற்றோடு தொடர்புடையன. அத்தகைய வேலைகளுக்குக் குடியிருப்பில் அனுமதி கிடைப்பது அரிது. வேறு இடம் பார்க்க நேரிடலாம். முறுக்கும் பலகாரமும் செய்வோருக்கு இன்னுமொரு படி உண்டு. 2009 ஆம் ஆண்டின் உணவுத் தூய்மை விதிகளின்படி, உணவைக் கையாளுவோர் பயிற்சி பெறுவதும் டைபாய்டு தடுப்பூசி போட்டுக்கொள்வதும் கட்டாயமாகும்.

இனி, இரண்டாவது உண்மைக்கு வருவோம்: பத்திரம், தொழில் செய்பவருடைய பெயரிலேயே இருத்தல் வேண்டும்.

"பெயரில் என்ன இருக்கின்றது? வீட்டுப் பிள்ளைதானே" என்று நம்மவர் எண்ணுகின்றனர். ஆனால், தனியாள் தொழிலில் பட்ட கடன் முழுவதும், பத்திரத்தில் பெயர் உள்ளவர் தலையில்தான் விழும். அவருடைய சேமிப்பும் உடைமையும் அதற்குப் பிணை. எனவே, பிறர் தொழிலுக்கு உங்கள் பெயரைக் கொடுப்பது அவர்களுடைய கடனுக்குத் தோள் கொடுப்பதாகும். உங்கள் தொழிலுக்குப் பிறர் பெயரை வாங்குவது, உங்கள் உழைப்பை அவர்களுக்கு எழுதிக் கொடுப்பதாகும். உரிமத்தைப் பிறருக்கு வாடகைக்கு விடுவதும், பிறருடைய உரிமத்தின் கீழ்த் தொழில் நடத்துவதும் இவ்வாறே தீங்கு தரும். கணவனும் மனைவியும் சேர்ந்து உழைக்கும் தொழிலாயின், இருவர் பெயரையும் பங்காளிகளாகப் பதிவு செய்துகொள்ளச் சட்டத்தில் வழியுண்டு. தாய்மார்களே, வரவுக்கும் செலவுக்கும் காரணமான உங்கள் கை, பத்திரத்தில் கையெழுத்திடவும் முன்வருதல் வேண்டும்.

இனிச் செய்ய வேண்டியவற்றை வரிசைப்படுத்திக் கூறுவோம்.

முதலாவதாக, எந்தக் கட்டணமும் செலுத்துமுன், உங்கள் வீடு இருக்கும் ஊராட்சி மன்றத்தின் உரிமப் பிரிவிற்குச் சென்று, "இன்ன வேலையை இந்த வீட்டில் செய்யலாமா?" என்று கேளுங்கள். தேவையான தாள்களின் பட்டியலை எழுதி வாங்குங்கள்.

இரண்டாவதாக, வீட்டு உரிமையாளர் அல்லது நிர்வாகத்தின் சம்மதக் கடிதத்தைப் பெறுங்கள்.

மூன்றாவதாக, எஸ்.எஸ்.எம். அலுவலகத்தில் நேரிலோ, அதன் இணையப் பக்கத்தின் வழியாகவோ உங்கள் பெயரில் பதிவு செய்யுங்கள். எழுதத் தெரியாதவர்கள் படித்த பிள்ளைகளைத் துணைக்கு அழைத்துச் செல்லலாம். ஆனால் பெயரும் அடையாள அட்டையும் உங்களுடையனவாக இருக்கட்டும்.

நான்காவதாக, பதிவுச் சான்றிதழ், அடையாள அட்டையின் நகல், வேலை செய்யும் இடத்தின் படம், சம்மதக் கடிதம் ஆகியவற்றோடு ஊராட்சி மன்றத்தில் உரிமத்திற்கு விண்ணப்பியுங்கள். கிடைத்த பத்திரங்களைக் கண்ணில் படும் இடத்தில் மாட்டி வையுங்கள். உரிமம் என்றென்றைக்கும் உரியதன்று. ஒரே தடவையில் மூன்றாண்டுக்கு மேற்பட்டு உரிமம் அளிக்க 1976 ஆம் ஆண்டின் ஊராட்சி மன்றச் சட்டம் இடந்தரவில்லை. காலாவதியாகும் நாளை நாட்காட்டியில் குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.

ஐந்தாவதாக, வீடு மாறினாலும், தொழிலின் வகை மாறினாலும், தொழிலை நிறுத்தினாலும் 30 நாட்களுக்குள் எஸ்.எஸ்.எம். ஆணையத்திற்கு அறிவியுங்கள். தோட்டத்திலிருந்து நகரத்திற்குக் குடிபெயர்வோர் மறந்துவிடும் செயல் இதுவே.

வாசலில் பெயர்ப் பலகை வைக்க விரும்புவோர், அதற்கும் தனி அனுமதி உண்டு என்பதை அறிதல் வேண்டும். பலகையில் தமிழ் எழுத்து இடம் பெறலாம். ஆயினும் தேசிய மொழியே முதன்மையாகத் தெரியும்படி இருத்தல் வேண்டும். அதன் வாசகத்தை டேவான் பஹாசா டான் புஸ்தாகாவிடம் சரிபார்த்துக்கொள்ள வேண்டியிருக்கும்.

கணக்கு எழுதும் பழக்கத்தையும் இன்றே தொடங்குங்கள். ஆற்றிலே போட்டாலும் அளந்து போடு என்பது நம் முன்னோர் மொழி. நூல் வாங்கியது, துணி வாங்கியது, கூலி வந்தது ஆகிய அனைத்தையும் ஒரு பள்ளிக்கூடத்துப் பயிற்சிப் புத்தகத்தில் தேதியிட்டு எழுதினாலே போதும். 1967 ஆம் ஆண்டின் வருமான வரிச் சட்டத்தின்படி, தொழில் செய்வோர் தம் கணக்குகளையும் ரசீதுகளையும் ஏழாண்டுகள் பாதுகாத்தல் வேண்டும். அப்புத்தகம் வரி அலுவலகத்திற்கு மட்டும் பயன்படுவதன்று. கடன் கேட்கச் செல்லும் இடத்தில் உங்களுக்காகச் சாட்சி சொல்வதும் அதுவே.

இவ்வளவு சிரமம் எதற்கு என்று நீங்கள் கேட்கலாம். பத்திரம் உள்ளவருக்கே பல கதவுகள் திறக்கின்றன. 1979 ஆம் ஆண்டின் சட்டத்தால் அமைந்த மலேசியக் கைவினை மேம்பாட்டுக் கழகம், கைவினைத் தொழில் முனைவோருக்குப் பயிற்சியும் விற்பனை வாய்ப்பும் அளித்து வருகின்றது. கோலாலம்பூர் ஜாலான் கொன்லேயில் அதன் வளாகம் உள்ளது. 1998 ஆம் ஆண்டில் தொடங்கப்பட்ட தெக்குன் நிறுவனம், இந்திய சமுதாயத் தொழில் முனைவோருக்காக ஸ்பூமி என்னும் கடன் திட்டத்தை நடத்துகின்றது. 1987 ஆம் ஆண்டில் தோன்றிய அமானா இக்தியார், இந்தியப் பெண்களுக்கெனப் 'பெண்' என்னும் சிறுகடன் திட்டத்தை 2024 ஆம் ஆண்டில் அறிமுகப்படுத்தியது. மேலும், தோட்டத்தில் நாம் அனைவரும் அறிந்த சொக்சோ பாதுகாப்பு, சுயதொழில் செய்வோருக்கென 2017 ஆம் ஆண்டில் தனிச் சட்டமாக வந்துள்ளது. தைக்கும் விரலில் ஊசி பாய்ந்தாலும், வேலையின்போது விபத்து நேர்ந்தாலும், சந்தா செலுத்தியிருப்பவர் கைவிடப்பட மாட்டார்.

முன்னர்க் கூறிய அம்மையார் என்ன ஆனார் என்று நீங்கள் அறிய விரும்புவீர்கள். அவர் மனம் தளரவில்லை. மகளைத் துணைக்கு அழைத்துக்கொண்டு தம் சொந்தப் பெயரில் 30 வெள்ளி செலுத்திப் பதிவு செய்துகொண்டார். நிர்வாகக் குழுவின் சம்மதத்தையும் மன்றத்தின் உரிமத்தையும் பின்னர்ப் பெற்றார். அதற்கு அவர் பல முறை அலைய வேண்டியிருந்தது. கழிந்த பதினோர் ஆண்டுகளை அவரால் தாளில் மீட்க இயலவில்லை. புதிய கணக்குப் புத்தகத்தில் முதல் நாளிலிருந்துதான் எழுதத் தொடங்கினார். பழைய கண்ணாடிச் சட்டத்தில் இப்பொழுது அவருடைய பெயரே இருக்கின்றது.

நண்பர்களே! நம் பாட்டன்மார் இந்நாட்டில் காடு வெட்டி, மரம் நட்டு, பால் எடுத்தனர். அவர்கள் பெயர் எந்தப் பத்திரத்திலும் எழுதப்படவில்லை. அந்நிலை நம் காலத்திலும் தொடர வேண்டியதில்லை. உங்களுள் கைத்தொழில் தெரிந்த ஒவ்வொருவரும், இம்மாதச் சம்பளத்தில் 30 வெள்ளியை ஒதுக்கி வைத்து, ஒரு விடுப்பு நாளைக் குறித்துக்கொண்டு, முதலில் உங்கள் ஊராட்சி மன்றத்தின் வாசலுக்குச் செல்லுமாறு கேட்டுக்கொண்டு, எமது உரையை நிறைவு செய்கின்றோம்.